கிராமபோன் சவுண்ட் பாக்ஸைப் புதுப்பித்து ஒலியை மீட்பது: முழுமையான வழிகாட்டி

சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோனில் பாட்டு மங்கலாகவோ கரகரவென்றோ மூக்கடைத்த குரலிலோ கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது சவுண்ட் பாக்ஸை. ஊசியின் அசைவைக் காற்றின் அசைவாக மாற்றுவது அந்தச் சின்ன வட்டப் பெட்டி ஒன்றுதான். டோன் ஆர்மும் (பெட்டியைத் தாங்கும் குழாய்க் கை) ஹார்னும் (ஒலி வெளிவரும் புனல்) அதிலிருந்து கிடைத்ததைப் பெரிதாக்கும். அங்கே தொலைந்ததை மீட்டுத் தராது.

இங்கே சொல்லப்படுவது, ஊசி பக்கவாட்டில் அசையும் 78 வேக (நிமிடத்துக்கு 78 சுற்று) ரிக்கார்டுகளுக்கான, மைக்கா (அப்பிரகம்) தகடு போட்ட பெட்டிகளைப் பற்றி. விக்டர், ஹெச்.எம்.வி. நிறுவனங்களின் எக்ஸிபிஷன், நம்பர் 2, நம்பர் 4 வகைகளும், அதே அமைப்பில் வந்த பெயரில்லாப் பெட்டிகளும் இதில் அடங்கும். அலுமினியத் தகடு போட்ட பெட்டிகளுக்குத் தனிப் பகுதி பின்னால் இருக்கிறது. எடிசன் டைமண்ட் டிஸ்க், பழைய பாத்தே ரிக்கார்டுகளில் ஊசி மேலும் கீழுமாக அசையும். அவற்றின் பெட்டி வேறு, வேலையும் வேறு. அந்த ரிக்கார்டுகளை எஃகு ஊசி வைத்து ஓட்டிவிடாதீர்கள், பள்ளம் பாழாகிவிடும்.

வேலை முழுவதற்கும் இரண்டே விதிகள். காற்று எங்கும் கசியக் கூடாது. மைக்கா எந்தப் பக்கமும் இழுபடக் கூடாது. முதல் விதியைப் பெரும்பாலோர் கவனிக்கிறார்கள். புதிய ரப்பர் போட்ட பிறகும் ஒலி சரியாகவில்லை என்று குழம்புபவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இரண்டாவதில்தான்.

1. பெட்டியைப் பிரிக்கும் முன் குற்றவாளி அதுதானா என்று பாருங்கள்

பிரித்துவிட்டால் பழைய நிலையை ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. ஆகவே சோதனை முதலில், திருப்புளி பிறகு.

புது ஊசி போடுங்கள். கீறல் குறைந்த, பலமுறை கேட்டுப் பழகிய ஒரு ரிக்கார்டை எடுங்கள். ரிக்கார்டின் ஓரத்தடியில் ஒரு சின்னக் காகிதத் துண்டைச் செருகி, பாட்டு ஓடும்போதே சுற்றுகளை எண்ணுங்கள்: 30 விநாடியில் 39 சுற்று வந்தால் வேகம் 78. ஊசி இல்லாமல் வெறும் தட்டைச் சுற்றவிட்டு எண்ணுவது தவறு. ஊசியின் பாரம் விழுந்ததும் வேகம் குறையும். குரல் ஏறி இறங்கி அலைந்தால் அது மோட்டாரின் கோளாறு, சவுண்ட் பாக்ஸை எவ்வளவு சரிசெய்தாலும் போகாது.

அடுத்து, பெட்டியை டோன் ஆர்மிலிருந்து கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மூன்று சோதனைகள்:

கசிவுச் சோதனை. பின்பக்கத் துளையில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தி, மிக மெதுவாகக் காற்றை உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பாருங்கள். நல்ல பெட்டியில் இழுவை சில விநாடிகளாவது நிற்கும். காற்று சரசரவென உள்ளே வந்தால் கேஸ்கட்டோ (மைக்காவின் இரு புறமும் உள்ள ரப்பர் வளையம்) மைக்காவின் நடுத் துளையிலுள்ள மெழுகோ போய்விட்டது. பலமாக உறிஞ்ச வேண்டாம். பழைய மைக்கா விரிந்துவிடும்.

அசைவுச் சோதனை. ஊசியின் நுனியை விரலால் மைக்காவை நோக்கியும் விலக்கியும் மயிரிழை அளவு தள்ளுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இளகி, விட்டதும் நடுவுக்குத் திரும்ப வேண்டும். கல் மாதிரி நின்றால் ரப்பர் இறுகியிருக்கிறது. தள்ளும்போது ‘டக்’ என்று ஓர் ஆட்டம் தெரிந்தால் ஊசித்தண்டின் (ஊசியை மைக்காவோடு இணைக்கும் உலோகத் தண்டு) தாங்கு முனை தளர்ந்திருக்கிறது.

தட்டும் சோதனை. பெட்டியைக் காதருகே பிடித்து ஊசியை நகத்தால் மெல்லச் சுண்டுங்கள். சுத்தமான ‘டொக்’ வர வேண்டும். கூடவே ‘ஸ்ர்ர்’ என்ற நடுக்கம் கேட்டால் ஏதோ ஒன்று தளர்ந்திருக்கிறது, அல்லது மைக்கா ஏடு ஏடாகப் பிரிந்திருக்கிறது.

இந்த மூன்றின் முடிவையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் இதே மூன்றைத்தான் திரும்பச் செய்யப் போகிறோம்.

2. கையில் இருக்க வேண்டியவை

ஸ்க்ரூ தலையின் வெட்டில் ஆட்டமின்றி உட்காரும் திருப்புளிகள், அதில் ஒன்று கடிகாரம் பழுதுபார்ப்பவர் வைத்திருக்கும் மிகச் சிறிய அளவு. பொருந்தாத திருப்புளியால் வெட்டு சிதைந்த ஸ்க்ரூவுக்கு மாற்று கிடைப்பது கடினம், ஏனென்றால் இவற்றின் மரை இன்று பொதுவாகக் கிடைப்பவற்றோடு ஒத்துப்போவதில்லை.

பிறகு: கேஸ்கட் வெட்ட மென்மையான ரப்பர் அல்லது சிலிக்கோன் குழாய், சுத்தமான தேன்மெழுகு கொஞ்சம், மெல்லிய நுனியுள்ள சால்டரிங் அயர்ன், துரு இளக்கும் எண்ணெய், லைட்டரில் ஊற்றும் பெட்ரோல், பஞ்சுக் குச்சி, மரத்தாலான பல் குச்சி, புது பிளேடு, வெர்னியர் காலிப்பர், உருப்பெருக்கிக் கண்ணாடி. உயர்ந்த விளிம்புள்ள தட்டில் வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் வேலை செய்யுங்கள். நடு ஸ்க்ரூவும் அதன் நட்டும் எள்ளைவிடச் சற்றே பெரியவை. தரையில் விழுந்தால் தேடிக் கிடைக்காது.

குழாயின் அளவை ஊகத்தில் வாங்காதீர்கள். பெட்டியைப் பிரித்து, கேஸ்கட் உட்காரும் பள்ளத்தை அளந்த பிறகே வாங்க வேண்டும். கணக்கு 6-ஆம் பகுதியில் வருகிறது.

3. உலோகம் எது என்று அறிந்துகொள்ளுங்கள்

பித்தளைப் பெட்டி பொறுமைசாலி. கொஞ்சம் அழுத்தினாலும் தாங்கும். பாட் மெட்டல் எனப்படும் துத்தநாகக் கலவை அப்படியல்ல. அது காலப்போக்கில் உள்ளுக்குள்ளேயே ஊதி, நுண்ணிய வெடிப்புகள் விட்டு, பிஸ்கட் மாதிரி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். மேல்பூச்சு பளபளவென்று இருந்தாலும் உள்ளே அப்படித்தான் இருக்கலாம்.

கண்டுபிடிக்க எளிய வழி, பின்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தைப் பிளேடு நுனியால் மெல்லச் சுரண்டுவது. மஞ்சள் தெரிந்தால் பித்தளை. மங்கிய சாம்பல் தெரிந்தால் பாட் மெட்டல்.

பாட் மெட்டல் என்றால் எந்த ஸ்க்ரூவையும் பலத்தால் திருப்ப வேண்டாம். எண்ணெய் ஒரு துளி விட்டு ஓர் இரவு வையுங்கள். அப்படியும் அசையாவிட்டால் ஸ்க்ரூ தலையில் மட்டும் சால்டரிங் அயர்னின் நுனியைச் சில விநாடி வைத்து, ஆறவிட்டு, மறுபடி முயலுங்கள். சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வரும்போது துருவின் பிடி விடும். உடலில் ஏற்கனவே வெடிப்பு ஓடியிருந்தால் அதைப் பிரிக்காமல் விட்டு, வேறு உடலைத் தேடுவதே புத்திசாலித்தனம்.

4. பிரிக்கும் வரிசை: நடுவிலிருந்து வெளியே

புதியவர்கள் மைக்காவை உடைப்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில். பின்மூடியின் ஸ்க்ரூக்களே பெரிதாகக் கண்ணில் படுவதால் அதையே முதலில் கழற்றி, பின்மூடியை இழுக்கிறார்கள். மைக்காவோ நடுவில் ஊசித்தண்டோடு இன்னும் பிணைந்திருக்கிறது. இழுத்த இழுப்பில் நடுத் துளையிலிருந்து விரிசல் ஓடிவிடும்.

சரியான வரிசை இது. முதலில் நான்கு பக்கமும் படம் எடுங்கள். ஊசித்தண்டின் ஸ்ப்ரிங், லாக் நட் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் நட்), வாஷர் எந்த வரிசையில் இருக்கின்றன என்பது படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். பின்மூடிக்கும் உடலுக்கும் சேர்த்து பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். திரும்பப் பொருத்தும்போது அதே துளையில் அதே ஸ்க்ரூ விழ வேண்டும்.

பிறகு நடு மெழுகு. ஊசித்தண்டின் மேல்நுனி (இனி அதைப் பாதம் என்போம்) மைக்காவைத் தொடும் இடத்தில் ஒரு மெழுகுத் துளி இருக்கும். சூடான சால்டரிங் அயர்னை உலோகப் பாதத்தில் வையுங்கள், மைக்காவில் அல்ல. மெழுகு பளபளத்து இளகியதும் எடுத்துவிட்டு, ஸ்க்ரூவைத் திருப்புங்கள். பல பெட்டிகளில் ஸ்க்ரூ முன்னாலிருந்து நுழைந்து பின்னால் ஒரு சிறு நட்டில் பிடித்திருக்கும். அந்த நட்டும் சேர்ந்து சுற்றினால் பின் துளை வழியாக மரக் குச்சியின் நுனியால் அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக ஊசித்தண்டு. நான்காவதாகத்தான் பின்மூடி. ரப்பர் ஒட்டிக்கொண்டு பின்மூடி வர மறுத்தால் கத்தியை நுழைத்து நெம்பாமல், விளிம்பைச் சுற்றி மரக் குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாக இளக்குங்கள்.

5. சுத்தம் செய்வதும் மைக்காவைச் சோதிப்பதும்

பழைய கேஸ்கட் சில பெட்டிகளில் கல்லாகியிருக்கும், சிலவற்றில் தார் மாதிரி உருகியிருக்கும். கல்லானதை மரக் குச்சியால் பெயர்த்தெடுங்கள். தாரானதைப் பெட்ரோல் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். சால்டரிங் அயர்ன் சூடாக இருக்கும்போது பெட்ரோல் மூடி திறந்திருக்கக் கூடாது; இரண்டு வேலையையும் ஒரே நேரத்தில் செய்யாதீர்கள், சன்னலைத் திறந்து வையுங்கள். உலோகத்தை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். கேஸ்கட் உட்காரும் பரப்பில் விழும் ஒவ்வொரு கீறலும் காற்று நுழையும் வழி.

மைக்காவை விளக்கின் முன் சாய்த்துப் பிடியுங்கள். அங்கங்கே நுண்ணிய புள்ளிகளும் பழுப்புக் கறைகளும் இருப்பது இயற்கை, ஒலியைப் பாதிக்காது. பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, வெள்ளி நிறத்தில் மினுங்கும் திட்டு: அந்த இடத்தில் ஏடுகள் பிரிந்து உள்ளே காற்று புகுந்திருக்கிறது. திட்டு விளிம்பில், கேஸ்கட் மூடும் பட்டைக்குள் இருந்தால் விட்டுவிடலாம். நடுப்பகுதிக்கு வந்துவிட்டால் தகட்டை மாற்ற வேண்டும், ஏனென்றால் உரத்த இடங்களில் அந்த ஏடுகள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டு இரையும். இரண்டு, நடுத் துளையிலிருந்து கிளம்பும் விரிசல். அது எவ்வளவு சிறியதானாலும் மாற்றுவதே சரி. பசை வைத்து ஒட்டுவது எடையைக் கூட்டும், விரிசலை நிறுத்தாது.

புதிய மைக்கா வாங்கும்போது பழையதன் விட்டத்தையும் தடிமனையும் காலிப்பரால் அளந்து அதே அளவில் கேளுங்கள். தடிமன் கூடினால் கீச்சொலி ஏறி அடிக்குரல் மெலியும். மிக மெல்லியதாக எடுத்தால் உரத்த இடங்களில் ஒலி உடையும். விட்டம் உடலின் உட்சுவரைவிடச் சிறிது குறைவாக, சுற்றிலும் அரை மி.மீ. இடைவெளி விடும் அளவில் இருக்கட்டும். மைக்காவின் விளிம்பு உலோகத்தில் பட்டால் இரைச்சல் உறுதி.

6. கேஸ்கட் வெட்டுவது

அதிகம் அலட்சியம் செய்யப்படும் வேலை இது. பலனில் பாதி இதில்தான் இருக்கிறது. மைக்காவின் இரு புறமும் ஒவ்வொரு ரப்பர் வளையம் இருந்து அதை மெத்தையில் தாங்குவதுபோலத் தாங்க வேண்டும். அதே சமயம் காற்றையும் அடைக்க வேண்டும். உள்ளே துளையுள்ள குழாயைத்தான் பயன்படுத்த வேண்டும். துளையற்ற திண்ம ரப்பர் இழை அழுத்தினால் இறுகிவிடும், குழாய் நசுங்கி இடம் கொடுக்கும்.

தடிமன் கணக்கு: பின்மூடி உடலில் முழுவதும் உட்கார்ந்த நிலையில் உள்ளே கிடைக்கும் ஆழத்தை அளங்கள். அது 5 மி.மீ. என்றும் மைக்கா 0.2 மி.மீ. என்றும் வைத்துக்கொண்டால், இரண்டு குழாய்களுக்குமாகக் கிடைக்கும் இடம் 4.8 மி.மீ. 2.8 மி.மீ. குழாய் இரண்டு போட்டால் 5.6, ஆக ஒவ்வொன்றும் 0.4 மி.மீ. நசுங்கும். இது நல்ல பிடி. 2.4 மி.மீ. குழாய் என்றால் நசுங்கவே நசுங்காது, காற்று கசியும். 3.5 மி.மீ. என்றால் மைக்காவின் கழுத்தை நெரித்துவிடும்.

நீளக் கணக்கு: உடலின் உள்விட்டத்திலிருந்து குழாயின் தடிமனைக் கழித்து 3.14 ஆல் பெருக்குங்கள். உள்விட்டம் 45 மி.மீ., குழாய் 2.8 மி.மீ. என்றால் 42.2 × 3.14, சுமார் 132.5 மி.மீ. ஒரு மி.மீ. கூடுதலாக வெட்டி, வைத்துப் பார்த்து, பிறகு சீவிக் குறையுங்கள்.

குழாயை இழுத்துப் பிடித்து வெட்டுவது மிகவும் பரவலான தவறு. அந்த நேரத்தில் நுனிகள் அழகாகச் சேர்ந்திருக்கும். சில நாளில் ரப்பர் தன் பழைய நீளத்துக்குச் சுருங்கி, நடுவே ஒரு சந்து விழும். மேசையில் தளர்வாகக் கிடக்கும்போதே, புது பிளேடால், ஒரே அழுத்தில், நேராக வெட்டுங்கள். இரு நுனிகளும் மெல்ல முட்டி நிற்க வேண்டும். ஒன்றன் மேல் ஒன்று ஏறினால் அந்த இடத்தில் மைக்கா மேடாகும்.

ரப்பரை நுழைக்க எண்ணெயோ கிரீஸோ தடவாதீர்கள். சாதாரண ரப்பர் அதில் ஊறிப் பருத்து, பிறகு கரைந்துவிடும்.

7. அடுக்குவது

உடலை முகம் கீழாகப் படுக்க வையுங்கள். முன் கேஸ்கட் முதலில், அதன் சேர்க்கை ஊசி இருக்கும் கீழ்ப்பக்கத்துக்கு நேர் எதிரே, மேலே வரட்டும். அதன் மேல் மைக்கா. துளை நடுவில் இருக்கிறதா என்பதை முன்பக்கத்திலிருந்து பார்த்துச் சரிசெய்யுங்கள். விரல் ரேகை படாமல் விளிம்பைப் பிடித்தே கையாளுங்கள். பிறகு பின் கேஸ்கட், இதன் சேர்க்கை கீழ்ப்பக்கம் வரும்படி. இரண்டு சேர்க்கைகளும் ஒரே இடத்தில் வந்தால் அங்கே பிடி பலவீனமாகும்.

பின்மூடியைப் பென்சில் கோட்டைப் பார்த்து வைத்து, எல்லா ஸ்க்ரூக்களையும் தலை தொடும் வரை மட்டும் திருப்புங்கள். பிறகு கால் சுற்று, கால் சுற்றாக ஒவ்வொன்றையும் முறை வைத்து இறுக்குங்கள். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் மைக்கா சாய்ந்து உட்காரும். உலோகத்தோடு உலோகம் சேரும் அமைப்பில், மூடி உட்கார்ந்ததும் நிறுத்திவிடலாம். சேராத அமைப்பில், மைக்காவை விரலால் மெல்லத் தொட்டால் அது விளிம்பில் நகராத அளவுப் பிடி போதும். அதற்கு மேல் இறுக்கும் ஒவ்வொரு சுற்றும் அடிக்குரலைத் தின்னும்.

8. ஊசித்தண்டைப் பொருத்துவது: எல்லாம் தீர்மானமாகும் இடம்

நேரத்தைச் செலவிட வேண்டியது இங்கே. அவசரமாக இருந்தால் இன்றைக்கு இத்தோடு நிறுத்திவிட்டு நாளை தொடருங்கள்.

தாங்கு அமைப்புகள் பொதுவாக இரண்டு விதம். ஒன்றில், ஊசித்தண்டின் இரு கைகளும் கத்திமுனை போன்ற விளிம்பில் உட்கார்ந்திருக்க, ஸ்ப்ரிங்குகள் அவற்றை அழுத்திப் பிடிக்கும். எக்ஸிபிஷன் வகை இப்படி. இன்னொன்றில், இரு பக்கத்திலிருந்தும் கூர்முனை ஸ்க்ரூக்கள் தண்டைப் பிடித்திருக்கும். கையடக்கமான கிராமபோன்களின் மலிவுப் பெட்டிகளில் இதைப் பார்க்கலாம். எதுவானாலும் தொடும் முனைகளைத் துருவின்றிச் சுத்தம் செய்து, ஊசி நுனியால் தொட்ட அளவு மெல்லிய எண்ணெய் வையுங்கள். அது ரப்பர் பக்கம் வழிய விடாதீர்கள்.

தண்டைப் பொருத்துங்கள், ஆனால் நடு ஸ்க்ரூவை இப்போது போடாதீர்கள். பாதம் மைக்காவைத் தொடுகிறதா என்று பக்கவாட்டிலிருந்து, உருப்பெருக்கி வைத்துப் பாருங்கள். மூன்றில் ஒன்று நடக்கும்: பாதத்துக்கும் மைக்காவுக்கும் நடுவே வெளிச்சம் தெரியும், அல்லது பாதம் மைக்காவை உள்ளே அமுக்கிக்கொண்டிருக்கும், அல்லது தொட்டும் தொடாமலும் இருக்கும். மூன்றாவதுதான் வேண்டும்.

வெளிச்சம் தெரியும்போது நடு ஸ்க்ரூவைப் போட்டு இறுக்கினால் சந்து மூடிவிடும் என்று தோன்றும். மூடும்தான். ஆனால் பாதம் நகர்ந்து வராது, மைக்கா இழுபட்டுப் போகும். இழுபட்ட மைக்கா ஒரு பக்கம் தாராளமாக அசையும், மறுபக்கம் அசைய மறுக்கும். ஒலி குறையும், உரத்த குரல்கள் கிழிபடும். ‘எல்லாம் புதுசா மாத்தியும் முன்னைவிட மோசமா இருக்கே’ என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

சரிசெய்ய வேண்டியது ஸ்ப்ரிங் ஸ்க்ரூக்களில். லாக் நட்டுகளைத் தளர்த்தி, ஒரு ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பிப் பாதம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். மற்றதையும் அப்படியே பார்த்தால், எது உள்ளே தள்ளுகிறது, எது வெளியே இழுக்கிறது என்பது புரிந்துவிடும். இரண்டையும் மாற்றி மாற்றித் திருப்பிப் பாதம் தொட்டும் தொடாத நிலைக்குக் கொண்டுவாருங்கள். ஒன்றை மட்டும் முறுக்கிப் பாதத்தை இடத்துக்குக் கொண்டுவந்தாலும் ஒலி கெடும். ஒரு பக்க ஸ்ப்ரிங் தளர்ந்து உரத்த இடத்தில் துள்ளும். கூர்முனை ஸ்க்ரூ அமைப்பில், ஆட்டம் நிற்கும் வரை இறுக்கி, பிறகு தண்டு தடையின்றி அசையும் அளவுக்கு மயிரிழை பின்வாங்க வேண்டும். அதில் பாதம் மைக்காவோடு சேராவிட்டால் மெல்லிய வாஷரால் சந்தை நிரப்புங்கள்.

இப்போது நடு ஸ்க்ரூ. நட்டை ஒரு துளி மெழுகால் குச்சி நுனியில் ஒட்டிப் பின் துளை வழியாக இடத்துக்குக் கொண்டுபோகலாம். ஸ்க்ரூ நின்றதும் நிறுத்துங்கள். அதற்கு மேல் திருப்பினால் மைக்கா துளையோரத்தில் நசுங்கும்.

இழுவை இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. சன்னல் கம்பி போன்ற நேர்கோடு ஒன்றின் பிம்பத்தை மைக்காவில் விழச் செய்யுங்கள். நடு ஸ்க்ரூவைத் தளர்த்தி ஒருமுறை, இறுக்கி ஒருமுறை பாருங்கள். மைக்கா கண்ணாடி மாதிரி முழுத் தட்டையாக இருக்காது என்பதால் பிம்பம் எப்போதும் கொஞ்சம் நெளியும். இறுக்கும்போது அந்த நெளிவு மாறாமல் இருந்தால் இழுவை இல்லை. பாதத்தைச் சுற்றிப் பிம்பம் உள்வாங்கினாலோ பிதுங்கினாலோ மறுபடி ஸ்ப்ரிங்குக்குத் திரும்புங்கள். எல்லாம் சரியான பிறகே லாக் நட்டை இறுக்க வேண்டும். இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே திரும்பிவிடும், அதைத் திருப்புளியால் பிடித்துக்கொள்ளுங்கள். இறுக்கியபின் பிம்பத்தை இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.

9. மெழுகு

சூடான கம்பியின் நுனியில் தேன்மெழுகை எடுத்து, பாதத்தையும் ஸ்க்ரூ தலையையும் சுற்றி அரை அரிசி அளவு விடுங்கள். பின்பக்க நட்டுக்கும் அதே அளவு. துளையை அடைத்து, ஸ்க்ரூவின் நடுக்கத்தை நிறுத்துவது இதன் வேலை. அதிகமாக வைத்தால் மைக்காவின் நடுவில் எடை ஏறி, சகர ஒலிகளும் தாளத்தின் நுனியும் மழுங்கிவிடும். மெழுகுவர்த்தி மெழுகு வேண்டாம், குளிரில் தெறித்து உதிரும். உடனடிப் பசையும் வேண்டாம். அடுத்து இதைப் பிரிக்கப் போகிறவர் மைக்காவை உடைத்துத்தான் எடுக்க முடியும்.

10. பின்பக்க ரப்பர்

பெட்டி டோன் ஆர்மில் மாட்டும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். பெட்டியின் உடல் அதிர்வு ஆர்முக்குப் போகாமல் தடுப்பதும், ஊசிக்குக் கொஞ்சம் நெகிழ்வு கொடுப்பதும் அதன் பொறுப்பு. நகத்தால் அழுத்தினால் பதியாவிட்டால் அது செத்துவிட்டது, மாற்றுங்கள். பழசை அப்படியே விட்டு மைக்காவை மட்டும் புதுப்பித்தால் ஒலியில் ஒரு தகர வாடை இருந்துகொண்டே இருக்கும், ரிக்கார்டும் வேகமாகத் தேயும்.

புதியதைப் பொருத்தும்போது அதன் ஸ்க்ரூக்களை இறுக்கி ரப்பரைப் பிதுக்கிவிடாதீர்கள். பிதுங்கிய ரப்பர் மறுபடி கெட்டியானதற்குச் சமம். பெட்டியைக் கையில் பிடித்து ஆட்டினால் மெல்ல இளக வேண்டும், தன் பாரத்தில் தொங்கிப் போகக் கூடாது. ஆர்மில் மாட்டும்போது வாய் தளர்வாக இருந்தால் குழாய் வேலைக்குப் பயன்படும் டெஃப்லான் நாடா ஒரு சுற்று போதும்.

11. அலுமினியத் தகடு பெட்டிகள்

விக்டர் 1925-இல் கொண்டுவந்த ஆர்த்தோஃபோனிக், ஹெச்.எம்.வி. 5ஏ, 5பி வகைகள் இதில் சேரும். தகடு மடிப்பு மடிப்பாக, காகிதம் போல மெல்லியதாக இருக்கும். விரல் பட்ட இடம் பள்ளமாகிவிடும், நிமிர்த்த முடியாது. தண்டு நுண்ணிய பால் பேரிங்கில் ஓடும்.

மைக்கா பெட்டிகள் சிலவற்றையாவது முடித்துக் கை பழகும் வரை இவற்றின் பேரிங்கைப் பிரிக்காதீர்கள். கழற்றாமலே பெட்ரோல் ஒரு துளி விட்டுத் தண்டை மெல்ல அசைத்து, காய்ந்த கிரீஸ் கரைந்ததும் புது எண்ணெய் ஒரு சொட்டு வைப்பதே பல நேரங்களில் போதும். பின்மூடி பாட் மெட்டலாக இருந்து ஊதியிருந்தால் அது தகட்டை நெரிக்கும். அப்போது மூடியைத்தான் மாற்ற வேண்டும்.

12. ஒலித்துப் பார்ப்பது

முதல் பகுதியில் செய்த மூன்று சோதனைகளையும் திரும்பச் செய்யுங்கள். தேறினால் பெட்டியை மாட்டுங்கள். முன்பக்கமிருந்து பார்த்தால் ஊசி ரிக்கார்டுக்கு நேர்செங்குத்தாகவும், பக்கத்திலிருந்து பார்த்தால் சுமார் 60 பாகைச் சாய்வில், ரிக்கார்டு ஓடும் திசையில் இழுபடும்படியும் நிற்க வேண்டும். ஊசியைப் பிடிக்கும் ஸ்க்ரூவைக் கெட்டியாக இறுக்குங்கள். அது தளர்ந்திருந்து வரும் இரைச்சலுக்காகப் பெட்டியையே மறுபடி பிரித்தவர்கள் உண்டு.

ஒரு ஊசி, ஒரு பக்கம். இதில் சலுகை கிடையாது. ஷெல்லாக் (அரக்கு) ரிக்கார்டின் கலவையில் அரைக்கும் தூள் இருக்கிறது. அது முதல் சில சுற்றுகளிலேயே எஃகு ஊசியைப் பள்ளத்தின் வடிவுக்குத் தேய்த்துவிடும். ஒரு பக்கம் முடியும்போது ஊசியில் கூரான தோள்கள் உருவாகியிருக்கும். அடுத்த ரிக்கார்டில் அவை உளியாகும். வினைல் ரிக்கார்டுகளை இந்தப் பெட்டியில் வைக்கவே கூடாது; இந்தப் பாரத்துக்கு ஒரே ஓட்டத்தில் அழிந்துவிடும்.

இனி கேட்பது. உரத்த இடங்களில் மட்டும் இரைந்தால் ஸ்ப்ரிங் அழுத்தம் குறைவு அல்லது மெழுகு பிடிக்கவில்லை. எல்லா இடத்திலும் ஒரே சீராக இரைந்தால் தளர்ந்த உதிரி ஏதோ இருக்கிறது. ஊசி ஸ்க்ரூ, முன்வளையம், பிறகு ஹார்னின் சேர்க்கைகள் என்ற வரிசையில் தேடுங்கள். ஒலி சுத்தமாக ஆனால் ஒல்லியாக, அடிக்குரலே இல்லாமல் வந்தால் கேஸ்கட் கெட்டி, பின்மூடி அதிக இறுக்கம், அல்லது ஆர்மின் மூட்டில் கசிவு. மந்தமாக, போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தால் மெழுகைக் குறையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே ரிக்கார்டைப் புது ஊசியில் கேளுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது, எது கெடுத்தது என்று தெரியாது.

ஒன்றை மட்டும் கோளாறாக எண்ண வேண்டாம். 1925-க்குப் பின் மின்முறையில் பதிவான ரிக்கார்டுகள் மைக்கா பெட்டிகளுக்காக உருவானவை அல்ல. அவற்றின் உச்சங்களில் நல்ல மைக்கா பெட்டியும் கொஞ்சம் திணறும். மென்மையான ஒலி தரும் மெல்லிய ஊசி போட்டால் பெருமளவு அடங்கும். அந்தத் திணறலைத் தீர்க்க ஸ்ப்ரிங்கை மேலும் முறுக்கினால் மற்ற ரிக்கார்டுகளின் ஒலியையும் சேர்த்துக் கெடுத்துக்கொள்வீர்கள்.

புதிய ரப்பர் ஓரிரு வாரத்தில் சற்றுப் படிந்து உட்காரும். அப்போது மைக்காவின் நிலையும் இம்மியளவு மாறும். ஆகவே இரண்டு வாரம் கழித்து, கசிவுச் சோதனையையும் பிம்பச் சோதனையையும் இன்னொரு முறை செய்து, தேவைப்பட்டால் நடு மெழுகை இளக்கி, ஸ்ப்ரிங் ஸ்க்ரூக்களைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருத்தி, மறுபடி மெழுகு வையுங்கள்.